கூண்டுப் படகின் பதினோராவது பலகை

அய்யா,

புதன்கிழமை வந்த உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். கல்யாணம் முடிந்த கையோடு மருமகளைக் கூட்டிக்கொண்டு தேக்கடிக்குப் போய்க் குடியிருக்கப் போவதாகவும், கரையேறிக் கிடக்கும் நம் கூண்டுப் படகைச் சரிசெய்து மறுபடி ஏரியில் விடப்போவதாகவும் எழுதியிருந்தாய். கூண்டுக்குள் தரைப்பலகை இற்றுப்போய்விட்டது, மழைக்கு முன்னால் மலையேறி வர ஆசாரி யாரும் சம்மதிக்கவில்லை, நானே பெயர்த்து மாற்றிவிடுகிறேன், எப்படிச் செய்வது என்று எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். உன் அம்மா கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "எழுதுங்க. எல்லாத்தையும் எழுதுங்க" என்றாள். 'எல்லாத்தையும்' என்பதை எதற்கு அழுத்திச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதி முடிக்க மூன்று நாளாகிவிட்டது.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். பழைய பலகைகளை உடைத்து எறிந்துவிடாதே. ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, எந்தப் பக்கத்துப் பலகை, எத்தனையாவது என்று கரிக்கட்டியால் எழுதி வை. படகின் வயிறு ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இருக்காது. கோல் வைத்து அளந்து அறுத்த பலகை ஓரத்தில் உட்காரவே உட்காராது. இற்றுப்போனதாக இருந்தாலும் பழைய பலகைதான் புதியதற்கு அச்சு. எல்லாவற்றையும் எடுத்தபின் அடியில் தேங்கிய சேற்றையும் தண்ணீரையும் வழித்துவிட்டு நாலைந்து நாள் வெயில் படவிடு. குறுக்கே வளைந்து கிடக்கும் கட்டைகள் ஒவ்வொன்றையும் கத்தி முனையால் குத்திப் பார். முனை இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றாமல் மேலே பலகை போடாதே. பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெற்றிலைக் காம்பு கனத்துக்கு இடைவெளி விடு. மரம் தண்ணீர் குடித்து ஊதும். ஆணி வேண்டாம், பித்தளைத் திருகாணி போடு. நடுவில் இரண்டு பலகைகளைத் திருகாமல், விரல் விட்டுத் தூக்கும்படி சும்மா வைத்துவிடு. அடியில் என்ன நடக்கிறது என்று நினைத்தபோது பார்க்க முடிய வேண்டும். நான் முதல் தடவை செய்தபோது இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

அந்தப் படகு நமக்கு எப்படி வந்தது என்று நீ அறிவாய். எஸ்டேட்டில் இருந்த துரை சீமைக்குத் திரும்பும்போது, அவருக்குப் படகோட்டிக்கொண்டிருந்த என்னிடம் விட்டுவிட்டுப் போனார். உனக்கு அப்போது இரண்டு வயது. அணைக் குடியிருப்பில்தான் இருந்தோம். அரிசியும் மண்ணெண்ணெயும் ஆட்களுமாகத் தேக்கடிக்கும் அணைக்கும் நடுவே ஓட்டிக்கொண்டிருந்தேன். சின்ன இன்ஜின் ஒன்று உண்டு, செத்த மரங்களுக்கு நடுவே மட்டும் துடுப்பு. கூண்டுக்குள் துரை தரை முழுக்க மெழுகுத்துணியை ஒட்டிவைத்திருந்தார். பார்க்க அழகாக இருக்கும். அதற்கடியில் இறங்கிய ஈரம் ஏற வழியில்லாமல் மரத்தைத் தின்றிருக்கிறது. ஒருநாள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் அம்மா உள்ளே காலெடுத்து வைத்தாள். பலகை சத்தமே இல்லாமல் உள்வாங்கி, முழங்கால் வரை இறங்கிவிட்டது. "எம்மாடி" என்று அவள் உன்னைத் தூக்கிப் பிடித்த பிடி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கே முடிவு செய்தேன், தரையை மாற்றுவது, அதையும் நானே மாற்றுவது என்று.

என்னுடன் துடுப்புப் போட்டவர் வெள்ளையன். நீ மாமா என்று கூப்பிடுவாயே, அவர்தான். ஏரிக்கரைக் காட்டில் பிறந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனால் நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன், அவர் என்னை அண்ணே என்றார். அது அப்போது எனக்கு உறுத்தவில்லை. இப்போது உறுத்துகிறது. அணை கட்டித் தண்ணீர் நின்றபோது அவர் பத்து வயதுப் பிள்ளை. அவர்கள் நடந்த தடம், தேன் எடுத்த மரம், அடுப்பு மூட்டிய பாறை எல்லாம் தண்ணீருக்குள் போயிற்று. மரங்கள் மட்டும் நின்றபடியே செத்துத் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று பெரிய வேங்கை. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் கனம். அதைக் கடக்கும்போதெல்லாம் வெள்ளையன் துடுப்பைத் திருப்பி அதன்மேல் மெல்லத் தட்டுவார். ஒரே ஒரு தட்டு. ஒருநாள் கேட்டேன்.

"எதுக்கு வெள்ளையா அதப் போயித் தட்டுற?"

"எந் தங்கச்சிண்ணே. இந்த மரத்தடியிலதான் வச்சிருக்கு. தண்ணி வாரதுக்கு முந்துன வருசம் காச்சல்ல போயிட்டா. ஆறு வயசு. அண்ணன் போறேன்னு ஒரு சத்தங் குடுத்துட்டுப் போறது."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயில் வெற்றிலை இருந்தது.

அந்தக் கோடையில் நல்ல பலகை வேண்டுமானால் மலைக்குக் கீழே கம்பம் வரை இறங்கி, வண்டி பிடித்து, மலையேற்றிக் கொண்டுவர வேண்டும். இங்கேயோ கண்ணெதிரே முப்பது வருஷம் தண்ணீரில் நின்றும் அழுகாத வேங்கை. அந்தச் சமயத்தில் வெள்ளையன் காய்ச்சலில் விழுந்து இரண்டு மாதம் குடிசையை விட்டு வெளியே வரவில்லை. நான் அதற்காகக் காத்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் இப்போதைக்கு வரமாட்டார் என்று தெரிந்த மறுநாளே குமுளியிலிருந்து இரண்டு அறுப்புக்காரர்களைக் கூட்டிவந்தேன். ஏரி வற்றியிருந்தது. தண்ணீர் மட்டத்தோடு அறுத்துச் சாய்த்துக் கரைக்கு இழுத்தோம். அறுக்கும்போது ரம்பப்பல் வழியாகச் சிவப்பாக வடிந்தது. வேங்கைக்குச் சாயம் உண்டு, அது இயல்புதான். இருந்தாலும் முப்பது வருஷம் செத்து நின்ற மரத்தில் அவ்வளவு இருக்கும் என்று அறுப்புக்காரர்களும் நினைக்கவில்லை. ஒருவன் கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே, "இது பச்சை மரங்கணக்கா இருக்கே" என்றான். பதினோரு பலகை தேறியது.

தண்ணீரிலிருந்து எடுத்த மரத்தை ஒரு வருஷமாவது நிழலில் அடுக்கி உலர்த்த வேண்டும். நான் நாற்பது நாள்தான் பொறுத்தேன். பலகைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கிப் போட்டு, நாலங்குல ஆணிகளாக அடித்து இறுக்கினேன். இழைத்து எண்ணெய் பூசியதும் கூண்டுக்குள் ஒரு சிவந்த வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. உன்னை அதன்மேல் உட்காரவைத்தேன். நீ குனிந்து பலகையில் காதை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாய். பிள்ளைகள் செய்வதுதான் என்று சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை.

வெள்ளையன் உடம்பு தேறி வந்தார். முதல் நாளே அந்த இடம் வந்ததும் துடுப்பை எடுத்தவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் அடிச்ச காத்துல சாஞ்சிருச்சு வெள்ளையா" என்றேன்.

"சாயிற மரமா அது?" என்றார். பிறகு, "சரிண்ணே."

அதற்குப்பின் அவர் கூண்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. மழை கொட்டினாலும் படகு முனையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோறும் அங்கேதான். உள்ளே வரச்சொன்னால், "இங்கனயே இருக்கேண்ணே" என்பார். ஆனி மழையில் ஏரி ஏறியது. மரம் நின்ற இடம் எது என்று எனக்கே தெரியாதபடி தண்ணீர் மூடியது. அவருக்குத் தெரிந்தது. அங்கே வந்ததும் முன்போலவே துடுப்பை மெல்லத் தண்ணீருக்குள் இறக்குவார். 'டொக்' என்று கேட்கும், மரத்தின்மேல் மரம் படுகிற சத்தம். அடிக்கட்டைதான் தட்டுகிறது என்று இருந்தேன். பிறகு யோசித்தேன். கோடை மட்டத்தில் அறுத்த அடிக்கட்டை இப்போது எவ்வளவு ஆழத்தில் இருக்கும்? ஒருநாள் தனியாகப் போய், கரையில் இரண்டு அடையாளம் பார்த்துவைத்துக்கொண்டு, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினேன். இருபதடிக் கயிறு முழுதும் போயிற்று, அடி தட்டவில்லை. தள்ளித் தள்ளி மூன்று இடத்தில் இறக்கினேன். அப்படித்தான். துடுப்பு ஐந்தடிதான் அய்யா. மறுநாள் வெள்ளையன் துடுப்பை இறக்கியபோதும் அந்தச் சத்தம் கேட்டது.

அப்புறம் அந்த ஒரு பலகை. கூண்டின் நடுவில், உன் அம்மா உட்காரும், சுவரோடு பெட்டிபோல் அடித்த பெட்டிப்படுக்கைக்கு முன்னால் இருந்தது. காலையில் படகுக்குப் போனால் அதன் ஆணித்தலைகள் ஒரு நெல் உயரத்துக்கு மேலே வந்திருக்கும். அடித்து இறக்குவேன். மறுநாள் மறுபடி வந்திருக்கும். காயாத மரம் முறுக்கிக்கொள்ளும், ஆணியைத் தள்ளும் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் பதினொன்றும் ஒரே மரம், ஒரே நாள் அறுத்தது. மற்ற பத்தும் அசையவில்லை. அந்தப் பலகையில் ஓர் ஓரத்தில் ஈரமும் காயாது. உள்ளங்கை இரண்டை நெருக்கி வைத்த அளவு இருக்கும். துடைத்தால் போகும், சற்று நேரத்தில் வரும். உன் அம்மா அதன்மேல் மிதிக்காமல் சுற்றிப் போவாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் என்னைக் கேட்கவில்லை. அந்த நாலைந்து மாதம் வீட்டில் நாங்கள் சோறு, விறகு, உன் சளி இவற்றைத் தவிர வேறு எதையும் பேசியதாக நினைவில்லை.

ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கண் சொருகியது. குடியிருப்பில் மருந்து கொடுக்கிறவர், "இங்க வச்சிருக்காதீக, கம்பத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டார். விடிந்ததும் கிளம்பினோம். மழையும் காற்றும் மஞ்சும். முனையில் இருந்த வெள்ளையன் எனக்கு நிழலாகத்தான் தெரிந்தார். பாதி ஏரியில் இன்ஜின் நனைந்து நின்றது. இருவரும் துடுப்பை எடுத்தோம். படகு வர மறுத்தது. யாரோ அடியில் பிடித்துக்கொண்ட மாதிரி கனத்தது. உள்ளேயிருந்து உன் அம்மா கூப்பிட்டாள்.

"இந்தாருங்க, கால்ல தண்ணி தட்டுது."

உள்ளே போய்ப் பார்த்தேன். பலகை விளிம்புகளில் தண்ணீர் கசிந்து மேலே நின்றது. அப்படியானால் அடிவயிறு முழுக்க நிறைந்துவிட்டது. படகின் அடியில் எங்கோ ஒரு பொருத்தில், தண்ணீர் புகாமல் அடைத்த பஞ்சு போயிருக்கிறது. எங்கே என்று பார்க்க வழியில்லை. நான்தான் பதினோரு பலகையையும் இறுக அடித்து மூடியிருந்தேனே. ஆணி பிடுங்கும் கம்பி கரையில் கிடந்தது. வெட்டுக்கத்தியால் ஓரத்தை நெம்பினேன். கத்தி முனை ஒடிந்தது. நகத்தால் கீறினேன். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு உன் அம்மா படுக்கைமேல் ஏறி நின்றாள். நீ அழக்கூட இல்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் என் காலுக்குக் கீழே கேட்டது. டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, டொக். உன் அம்மாவும் கேட்டாள். இன்றுவரை அவள் அதை இல்லையென்று சொன்னதில்லை.

வாசலில் வெள்ளையன் நின்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பலகைக்கு முன்னால் தண்ணீரில் மண்டியிட்டு, தூங்கும் பிள்ளையை எழுப்புகிற குரலில் பேசினார்.

"ஆத்தா, எந்திரி. அண்ணன் வந்திருக்கேன்ல. புள்ளைக்கு எடம் விடு தாயி."

விரல் நுனியை இடுக்கில் கொடுத்தார். சட்டி மூடியைத் தூக்குவதுபோல் பலகை வந்துவிட்டது. ஆணிகள் அதில் நேராக நின்றன, ஒன்றுகூட வளையவில்லை. அதற்கு நேர் அடியில்தான் ஓட்டை. பொருத்து வாய் பிளந்து தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. உன் அம்மா முந்தானையைக் கிழித்துக் கொடுத்தாள். அவர் திணித்தார், நான் குதிகாலால் மிதித்தேன், பிறகு இருவரும் பானையால் இறைத்தோம். அரைமணி நேரமாவது ஆகியிருக்கும். அந்தக் காற்றுக்குப் படகு ஏதாவது ஒரு மரத்தில் மோதிக் கிழிந்திருக்க வேண்டும். வெளியே வந்து பார்த்தேன். மஞ்சு சற்று விலகியிருந்தது. நான் கயிறு இறக்கியபோது பார்த்துவைத்த இரண்டு கரை அடையாளமும் நேராக இருந்தன. வேங்கை நின்ற இடத்தின்மேல், அலை இருந்தும் அசையாமல், கட்டிப்போட்ட மாதிரி படகு நின்றது. வெள்ளையன் முனைக்குப் போய்த் துடுப்பை எடுத்துத் தண்ணீரில் மெல்ல இறக்கினார். அன்றைக்கு மட்டும் சத்தம் வரவில்லை. துடுப்பு சும்மா தண்ணீருக்குள் போயிற்று. அவர் திரும்பிக் கூண்டைப் பார்த்தார். எனக்குத் திரும்பத் தைரியம் இல்லை.

ஒன்பது நாள் கழித்து உன்னைப் பிழைக்கவைத்துக்கொண்டு கம்பத்திலிருந்து மலையேறினோம். வெள்ளையன் தேக்கடிக் கரையில் படகில் உட்கார்ந்திருந்தார். உன் கையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனபிறகு கேட்டேன்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"காச்சல்ல படுத்துக் கெடந்தேன்ல, அன்னைக்கே. ரம்பச் சத்தம் தண்ணி மேல எம்புட்டுத் தூரம்னாலும் வரும்ணே."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். அந்த வாரமே தரையைப் பெயர்த்தேன். கம்பத்திலிருந்து மருதம்பலகை வாங்கி, நீ இப்போது பெயர்க்கப்போகிற தரையைப் போட்டேன். வேங்கைப் பலகைகளை அந்த இடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனோம். அவர் ஒவ்வொன்றாக வாங்கித் தண்ணீரின்மேல் கிடத்தினார். இழைத்து எண்ணெய் ஏறிய மரம் மிதக்கத்தான் வேண்டும். மிதக்கவில்லை. புரளவும் இல்லை. கிடத்தியபடியே, கை பிடித்து இறக்கின மாதிரி ஒவ்வொன்றாகக் கீழே போயிற்று. கடைசியாக அந்தப் பலகையையும் இறக்கிவிட்டு அவர் வெறும் கையை நீட்டியபடி இருந்தார்.

"அம்புட்டுத்தானாண்ணே?"

"அம்புட்டுத்தான்" என்றேன்.

அய்யா, அது பத்துதான். வாங்கிவந்த மருதில் ஒரு பலகை குறைந்தது. மறுபடி மலையிறங்கச் சோம்பல். பெட்டிப்படுக்கைக்கு அடியில், இடது மூலையில், யார் கண்ணும் படாத இடத்தில் ஒரு வேங்கைப் பலகையை நீளம் குறைத்துப் போட்டு, மேலே தார் பூசி மூடிவிட்டேன். அவ்வளவு நடந்தபிறகும் செய்தேன். முதல் பொய்யையாவது ஆசையில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அந்தக் காரணம்கூட இல்லை. அதற்குப்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பலகையில் ஓர் ஆணி எழும்பியதில்லை, ஈரம் கண்டதில்லை. வருஷாவருஷம் தார் பூசும்போது குனிந்து பார்ப்பேன். அப்படியே கிடக்கும். ஏதாவது நடந்திருந்தால் அன்றே எடுத்துக் கொடுத்திருப்பேன். ஒன்றும் நடக்காமல் அது பொறுத்துக் கிடந்ததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. வெள்ளையனும் கேட்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் படுக்கையில் கிடந்தபோது பார்க்கப் போனேன். "படகு நல்லா இருக்காண்ணே?" என்று மட்டும் கேட்டார். நல்லா இருக்கு என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் சொல்லவில்லை. நாலாம் நாள் போய்விட்டார்.

இதையெல்லாம் வைத்து உனக்குப் பெரிய புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. குடித்தனம் நடத்தப் போகிறாய். நெருங்கினவர்கள் நாம் செய்த தப்பை அறிந்துகொண்டே பேசாமல் இருப்பார்கள். அதை நாம் தப்பித்ததாக எடுத்துக்கொள்வோம். நான் அப்படி எடுத்துக்கொண்டேன். உன் அம்மாவிடம் பதினோராவது பலகையைப் பற்றி நேற்றுத்தான் வாய் திறந்தேன். "எனக்குத் தெரியும்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மற்றப் பலகைகளை நீ தாராளமாகப் பெயர்க்கலாம். இடது மூலையை மட்டும் தொடாதே. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் உன் அம்மாவும் நானும் வருகிறோம். வெள்ளையன் மாமாவின் சம்சாரம் இப்போது மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அவர்களைப் போய் அழைத்து வந்து வை. என்ன விஷயம் என்று கேட்டால் நீ சொல்லாதே, அதை நான்தான் சொல்ல வேண்டும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அவர்களைக் கூண்டுக்குள் பெட்டிப்படுக்கைமேல் உட்காரவை. வைகிற மட்டும் என்னை வையட்டும், நீ குறுக்கே பேசாதே. அவர்கள் பேசி முடித்து, எடுக்கலாம் என்று சொன்னபிறகு நாம் அந்தப் பலகையைப் பெயர்க்கலாம்.

உன் அப்பா